தோல்விக்கு வேறு பேர் வைக்காத பேச்சியம்மாள்

செய்தி வந்தபோது நான் திருமங்கலத்தில் ஒரு பஞ்சர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். போனில் தங்கவேல் அண்ணன் பெயரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேச்சியம்மாள் மேடத்தின் கணவர் அவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவசியமில்லாமல் போன் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"போயிட்டா சார்" என்றார். "காபி கேட்டா. போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள போயிட்டா."

பிறகு அவர் கேட்டார்: "கப்பலூர்ல யார் யாருக்குச் சொல்லணும் சார்? எனக்கு அங்கிட்டு உங்களைத் தவிர யாரையும் தெரியாதே."

"நான் சொல்லிக்கிறேண்ணே" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, யாரைக் கூப்பிடுவது என்று எனக்கும் விளங்கவில்லை. அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்த எங்கள் கப்பலூர்த் தொழிற்சாலையின் வாசலில் அப்போது வேறு ஏதோ கம்பெனியின் குடோன் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. எங்களோடு வேலை பார்த்தவர்கள் ஓசூர், கோயம்புத்தூர், சென்னை என்று சிதறிக் கிடந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கப்பலூர் தொழிற்பேட்டைக்காரர்கள் ஓர் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அவரோடு அதிகம் பழகியிராத ஒரு தொழிலதிபர் மேடையேறி, "உண்மை ஒருநாளும் தோற்காது என்பதற்கு அம்மையாரின் வாழ்க்கையே சாட்சி" என்று முழங்கினார். இரங்கல் கூட்டத்தில் கைதட்டல் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். தங்கவேல் அண்ணன் முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து மைக் வரைக்கும் போனேன், அப்படியே இறங்கி வந்துவிட்டேன். அன்று பேச முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் படித்தால், நான் சொல்வது சரிதானா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பேச்சியம்மாள் பிறந்தது அலங்காநல்லூரை ஒட்டிய ஒரு கிராமத்தில். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு குழி நிலம் இல்லை. மதுரையில் பி.காம். முடித்துவிட்டு ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே காஸ்ட் அக்கவுண்டன்சி படித்தார். அந்தப் பரீட்சையில் பலமுறை தவறியதை அவரே சிரித்தபடி சொல்வார். தேறிய பிறகு பெங்களூரில் பெரிய விமானத் தொழிற்சாலை ஒன்றில் கடைநிலை அதிகாரியாகப் போனார். அந்த ஊரிலேயே நரைக்கும்வரை இருந்து, படிப்படியாக மேலே வந்து, ஒரு தனியார் விமானக் கம்பெனியின் நிதித் தலைவர் ஆனார்.

அங்கிருந்துதான் அவரை எங்கள் முதலாளி ராஜசேகரன் நிதியைப் பார்த்துக்கொள்ள அழைத்து வந்தார். லாரிக்கும் பம்புசெட்டுக்கும் பாகம் செய்துகொண்டிருந்த எங்கள் பட்டறை, விமானப் பாகம் செய்யும் தொழிற்சாலையாக மாறப் போகிறது என்று அறிவித்திருந்த சமயம் அது. நான் அங்கே தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிமுகக் கூட்டத்தில் முதலாளி உணர்ச்சிவசப்பட்டு, "மேடம் சொந்த மண்ணுக்குச் சேவை செய்யத் திரும்பி வந்திருக்காங்க" என்றார். மேடம் உடனே மைக்கை வாங்கினார்.

"அப்படியெல்லாம் இல்ல. நான் வேலைக்கு வந்திருக்கேன். இந்த வேலை ஓசூர்ல கிடைச்சிருந்தா ஓசூருக்குப் போயிருப்பேன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். முதலாளியும் சிரித்தார். எதையும் அழகுபடுத்திச் சொல்ல அவருக்கு வராது என்பது முதல் நாளே எங்களுக்குப் புரிந்துபோயிற்று. ஆனையூரில் வீடு பார்த்துக்கொண்டு, நகரத்தை முழுக்கக் குறுக்கே கடந்து தினமும் கப்பலூர் வந்து போனார்.

நிதிப் பிரிவுக்காரர்கள் மாடியில் ஏ.சி. அறையில் இருப்பார்கள், எண்ணெய் வாடை அடிக்கிற இடத்துக்கு வர மாட்டார்கள். இவர், சோதனைக்காக முதல் விமானப் பாகம் மெஷினில் ஏறியதுமே கீழே இறங்கி வந்து, அவரே வேலைக்கு எடுத்திருந்த மாரிச்சாமி என்ற பையன் ஓட்டிக்கொண்டிருந்த மெஷின் அருகில் நின்றார். விமானக் கதவின் கீலைத் தாங்கும் பாகம் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏப்பா, இது உள்ள வரயில எம்புட்டு கனம் இருந்துச்சு?"

மாரி ஓர் அலுமினியக் கட்டியைத் தூக்கிக் கொடுத்தான். மேடம் ஒரு கையில் அதையும் மறு கையில் முடிந்த பாகத்தையும் வைத்துக்கொண்டு நின்றார். கட்டியைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"மிச்சமெல்லாம்?"

"அந்தா கெடக்குல்ல மேடம், சீவலு. முக்காவாசிக்கு மேல சீவலாத்தான் போகும்."

"தெரியும்ப்பா. பேப்பர்ல வருசக்கணக்காப் பாத்திருக்கேன். கையில தூக்கிப் பாத்ததில்ல. அதான் வந்தேன்."

அன்றிலிருந்து அவர் கீழே வராத நாள் அபூர்வம். விமானத் தொழிலின் சிக்கலை எனக்குப் புரியவைத்தவரும் அவர்தான். இந்தத் தொழிலில் முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே தகுதிச் சான்றுகள் வாங்குவதில் வருடங்கள் ஓடிவிடும். அங்கீகாரம் பெற்ற ஆலையிலிருந்துதான் உலோகம் வாங்க வேண்டும். ஒவ்வொரு பாகமும் எந்தக் கட்டியிலிருந்து வந்தது, எந்த உலையில் வெந்தது என்பதற்கெல்லாம் பதிவு இருக்க வேண்டும். அதுவரைக்கும் தொழிற்சாலைக்குச் சோறு போட வேண்டும். "நட்டு போல்ட்டு பண்றவனுக்கும் நமக்கும் பேங்க்ல வித்தியாசமே தெரியல சார். ரெண்டு பேரும் அடுத்த மாசமே காசு கொண்டாந்துருவோம்னு நெனைக்கிறாங்க" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே போய், பேசி, வாங்கி வருவார். கொரோனா காலத்தில் உலகத்தில் விமானமே பறக்காமல் நின்றபோது எங்கள் எல்லோருக்கும் சம்பளம் குறைந்தது. முதலில் குறைந்ததும் அதிகம் குறைந்ததும் அவருடையது. ஆனால் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. விமானங்கள் மறுபடி பறந்தன, வெளிநாட்டு ஆர்டர் வந்தது, ஷிஃப்ட் இரண்டாயிற்று. 'மேடம் இருக்காங்க, பாத்துக்கிருவாங்க' என்பது எங்களிடையே ஒரு வழக்கமான பேச்சாகவே ஆகிவிட்டது. ஓர் ஆள்மேல் அவ்வளவு பேரும் சாய்ந்திருந்தோம்.

மாரிச்சாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் மேடத்தின் ஊர்க்காரன். அவனுடைய குடும்பத்துக்கு அங்கே நிலம் உண்டு. அந்த நிலத்தில்தான் மேடத்தின் அம்மா நாற்று நட்டிருக்கிறார், களை எடுத்திருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்த மகனுக்கு வேலை கேட்டு அவனுடைய அப்பா தொழிற்சாலைக்கு வந்தார். மேடம் எழுந்து நின்று அவரை உட்காரச் சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் பின்னால் சொன்னார்:

"அவரு என்கிட்ட வேலை கேட்டு வந்து நின்னப்ப எனக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு சார். இல்லேன்னு சொன்னாப் பொய். ஆனா பையனுக்குக் கை நல்ல கை. அதுக்காகத்தான் எடுத்தேன்."

மாரிக்கு உண்மையிலேயே நல்ல கை. எங்களிடம் இருந்தவர்களில் சிறந்த மெஷின்காரன் அவன்.

இனி அந்த உலை விஷயம். பாகங்களைச் சீவி முடித்ததும் குறிப்பிட்ட சூட்டில் குறிப்பிட்ட நேரம் வைத்து எடுப்போம். அப்போதுதான் உலோகத்துக்கு வலு ஏறும். ஒருநாள் வழக்கமான பரிசோதனையில், உலைக்குள் சூட்டை அளக்கும் கருவி தவறாகக் காட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். திரை காட்டிய சூடு ஒன்று; உள்ளே இருந்த சூடு வேறு. எப்போதிருந்து இப்படி என்று சொல்ல வழியில்லை. முந்தைய பரிசோதனைக்குப் பிறகு வெந்து, கப்பலேறிப் போன பாகங்கள் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. அவற்றில் சில ஏற்கெனவே விமானங்களில் பொருத்தப்பட்டிருக்கும்.

நான் ராஜசேகரன் சாரின் அறைக்குப் போனேன். மேடமும் அங்கே இருந்தார். நான் சொல்லி முடித்ததும் முதலாளி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "பீஸெல்லாம் உடையுமா பாண்டி?" என்பதுதான்.

"உடையாதுன்னுதான் சார் நெனைக்கிறேன். கடினத்தன்மை பாக்குற சோதனையில எல்லாமே தேறியிருக்கு. ஆனா வலு சரியா இருக்குன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "சொன்னா என்னாகும் மேடம்?"

"ஆர்டரை நிப்பாட்டுவாங்க. நிப்பாட்டுனது தெரிஞ்சா பேங்க் கழுத்தைப் புடிக்கும். நம்மகிட்ட தாங்குற அளவுக்கு ஒண்ணுமில்ல சார். கதவைச் சாத்த வேண்டி வரலாம்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி ஒண்ணும் ஆகாமலும் போகலாம்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ஆள், பணத்தின் பக்கம்தானே நிற்பார் என்று என் மனத்தில் ஓடியது. முதலாளியும் அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேடம் சொன்னார்: "ஆனா அதை நாம முடிவு பண்ண முடியாது சார். ஃப்ளைட்டுல அந்தக் கதவுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிறவன்கிட்ட யாரும் கேக்கல. நீங்க சரின்னா நான் இப்பவே எழுதுறேன். நீங்க வேண்டாம்னா நான் கீழ எறங்கிப் போயிருவேன். நாளைக்கு வர மாட்டேன்."

ராஜசேகரன் சார் எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. திரும்பாமலே, "எழுதுங்க" என்றார். மேடம் அங்கேயே உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலை எழுதினார், எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினார், அனுப்பினார். அனுப்பிய பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆர்டர் நின்றது. எங்கள் பாகங்களை அங்கே சோதனைக்கு அனுப்பினார்கள். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள், எங்கள் நேர்மையைப் பாராட்டினார்கள், போய்விட்டார்கள். வங்கி கெடு வைத்தது. இரண்டாவது ஷிஃப்ட் நின்றது. பிறகு முதல் ஷிஃப்டும் பாதியானது. மேடம் பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர், பெங்களூர், கோயம்புத்தூர் என்று அலைந்தார். விமான வேலை கிடைக்காவிட்டால் லாரி வேலையாவது கிடைக்கட்டும் என்று, முன்பு நாங்கள் கைவிட்ட பழைய வாடிக்கையாளர்களின் வாசலிலும் போய் நின்றார். தொழில் உலகத்தில் செய்தி சீக்கிரம் பரவும். 'உலை கெட்ட கம்பெனி' என்று எங்களுக்குப் பெயர் விழுந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே இடியாக வந்தது சோதனை முடிவு. மாதங்கள் கழித்து வந்தது. எங்கள் பாகங்கள் அத்தனையும் நல்ல பாகங்கள். வலுவில் குறைவே இல்லை. எதையும் கழற்ற வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஆனால் அதற்குள் எங்கள் ஆர்டர் வேறொரு நாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டது. திருப்பித் தர முடியாதென்று பணிவாக எழுதியிருந்தார்கள்.

அந்த முடிவை மறைக்கலாம் என்று நான் சொன்னேன். மேடம் கேட்கவில்லை. தொழிலாளர்களைக் கூட்டி வாசலில் நின்று அவரே சொன்னார். கூட்டத்தில் ஒருவன், "அப்ப எதுக்கு மேடம் சொன்னீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் பற்றிக்கொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மாரி முன்னால் வந்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருந்தான் அப்போது. புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தான்.

"நல்ல பீஸைக் கெட்டதுன்னு சொல்லி எங்க எல்லாரையும் தெருவுல விட்டுட்டீங்களே! எங்க வயக்காட்டுல நாத்து நட்டவ மககிட்டப் போயி கை கட்டி நின்னேன் பாரு, என்னையச் சொல்லணும்!"

கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. யாரோ மாரியின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். மேடத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அவர் உள்ளே போகவில்லை.

"ஆமா மாரி, நட்டாங்க" என்றார். "கூலி வாங்கிக்கிட்டு நட்டாங்க. நீயும் சம்பளம் வாங்கிக்கிட்டுத்தான் வேலை பாத்த. இப்ப என்னால அதைக் குடுக்க முடியல. அதுக்கு நீ என்னைத் திட்டு. எங்கம்மாவ விட்டுரு."

உள்ளே வந்த பிறகு தண்ணீர் கேட்டார். குடிக்க முடியாமல் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள், மதுரையில் வங்கியின் வட்டார அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் இருவரும் காத்துக்கொண்டிருந்தோம். எங்களை உட்கார வைத்துவிட்டு மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். மேடம் மிகவும் மெலிந்திருந்தார். அலைச்சல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சாதாரணமாகச் சொன்னார்:

"பித்தப்பையில கல்லுன்னு நெனைச்சுப் போனேன் சார். கணையமாம். பரவியிருக்காம்."

அவரே தொடர்ந்தார். "ஓசூர்ல ஒருத்தர் நம்ம ஃபாக்டரிய வாங்குறதாப் பேசுறாரு. அவரைப் பாத்துட்டு வந்து ஆஸ்பத்திரில படுத்துக்கிறேன்னு டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கேன்."

நான் அப்போதுதான், பல மாதங்களாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு அந்த மெயில் அனுப்புனதுக்கு வருத்தப்படுறீங்களா மேடம்?"

"தெனமும் வருத்தப்படுறேன் சார். ஒவ்வொருத்தன் மூஞ்சியும் வருது. சில நாளு, நாமபாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோன்னு தோணும். அப்புறம் அந்த உலைய நெனைச்சுப் பாப்பேன். அன்னைக்கு நமக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தானே. மறுபடி அதே நாள் வந்தாலும் அதைத்தான் எழுதுவேன். எழுதிட்டு மறுபடியும் இதே மாதிரிதான் அழுவேன்."

அவர் அழுததை நான் பார்த்ததில்லை. எங்கே அழுதார் என்று கேட்கவும் இல்லை.

ஓசூர்க்காரர் வந்தார். தொழிற்சாலையை அப்படியே எடுத்து, இதே ஆட்களை வைத்து நடத்துவதாகப் பேச்சு. முதல் சுற்று சிகிச்சை முடிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தங்கவேல் அண்ணன் கையைப் பிடித்தபடி மேடம் வந்தார். ஒவ்வொரு மெஷினாக அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எந்த மெஷினில் யார் நன்றாக ஓட்டுவார்கள் என்பதையும் பெயர் பெயராகச் சொன்னார். மாரியின் பெயரையும் சொன்னார். ஓசூர்க்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாங்கள் நம்பிவிட்டோம். அந்த வாரம் கப்பலூர் டீக்கடையில் எங்கள் ஆட்கள் சிரித்துப் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியில் அவர் மெஷின்களை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆட்களும் கட்டடமும் வேண்டாம் என்றுவிட்டார். ராஜசேகரன் சாருக்கு வேறு வழி இருக்கவில்லை; கையெழுத்துப் போட்டார். மெஷின்களை ஏற்ற டிரெய்லர் லாரிகள் வந்த அன்று, வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் மேடம் வந்தார். காரை விட்டு இறங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரி ஓட்டிய பெரிய மெஷினைக் கிரேன் தூக்கியபோது கயிறு கொஞ்சம் ஆடியது. மேடம் தலையை வெளியே நீட்டி, இருந்த குரலையெல்லாம் கூட்டிச் சொன்னார்:

"டிரைவர் அண்ணே, அது குலுக்கல் தாங்காதுண்ணே. அடியில ரப்பர் குடுத்து வைங்க. மெதுவாப் போங்க."

லாரிகள் போன பிறகு நான் காருக்குள் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று, "நாம தப்பு ஒண்ணும் பண்ணல மேடம். ஒரு விதத்துல பாத்தா நாம ஜெயிச்சிருக்கோம்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. நோயாளியின் கோபம் அல்ல. பழைய மேடத்தின் கோபம்.

"தோத்துட்டோம் பாண்டி சார். அதுக்கு வேற பேரு வைக்காதீங்க. அம்புட்டுக் குடும்பம் நடுத்தெருவுல நிக்குது. ஜெயிச்சோம்னு சொன்னா அவங்க கணக்கு எங்க போகும்?"

இரங்கல் கூட்டத்தில் 'உண்மை தோற்காது' என்று ஒருவர் சொன்ன பிறகு நான் பேசாமல் இறங்கி வந்ததற்குக் காரணம் இந்தப் பேச்சுதான். உண்மை தோற்றது. நான் பார்த்தேன். டிரெய்லரில் ஏறிப் போனது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான் அவருடைய அலுவலகம். அவர் செய்ததெல்லாம் ஒரே வேலை. தன் தொழில் வாழ்க்கையில் பழகிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு எங்கள் ஆட்களுக்கு வேலை கேட்டார். பெரிய கம்பெனிகளின் தலைவர்களிடம் பேசும்போதும் குரலில் கூச்சம் இருக்காது. "நல்ல ஆளு. எங்ககிட்ட வேலை இல்ல, அதான் உங்ககிட்ட அனுப்புறேன்" என்பார். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதும் பேசுவார். நடுவில் வாந்தி எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். போனைப் பிடுங்கி வைக்கத் தங்கவேல் அண்ணன் முயன்று பார்த்தார். முடியவில்லை. பலருக்கு வேலை கிடைத்தது. கிடைக்காதவர்களும் உண்டு, வயதானவர்களை யாரும் எடுக்கவில்லை. இவ்வளவு அலைந்தவர், அந்தக் கிடைக்காதவர்களைப் பற்றித்தான் என்னிடம் பேசுவார்.

மாரிக்கு ஓசூரிலேயே நல்ல வேலை ஒன்றைப் பேசி முடித்திருந்தார். அவன் போகவில்லை. மேடம் சொல்லிக் கிடைத்த வேலை என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டான். மதுரையில் லோடு ஆட்டோ ஓட்டப் போனான். அவனைத் திட்டுவதற்காக நான் போனை எடுத்தபோது மேடம் தடுத்தார். "விடுங்க சார். கோவப்படுறதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு. அதையும் புடுங்கிக்கிட்டா எப்படி?"

கடைசியாக நான் பார்த்தது ஆனையூர் வீட்டில். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். பேச்சு நடுநடுவே அறுந்து போனது. என்னை அடையாளம் தெரிந்ததா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. கிளம்பும்போது, "வாரேன் மேடம்" என்றேன். "சாப்ட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். கடைசி வார்த்தையில் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எதுவும் இல்லை.

இறுதிச் சடங்கன்று அந்தத் தெருவில் கூட்டம் அதிகமில்லை. ராஜசேகரன் சார் வந்து, யாரோடும் பேசாமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதன்மேல் சாய்ந்தபடி மாரி நின்றுகொண்டிருந்தான். நான் தெருவைக் கடந்து அவனிடம் போனேன்.

"உள்ள வா மாரி."

"இல்ல சார். இங்கயே நிக்கிறேன்."

"வந்து முகத்தைப் பாத்துட்டுப் போப்பா."

அவன் என்னைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோவம் போகல சார் இன்னும். போட்ட அஸ்திவாரம் அப்பிடியே கெடக்கு; தெனமும் அதைத் தாண்டித்தான் வாரேன். ஆனா அவுக அம்மாவப் பத்தி அன்னைக்கு நான் பேசினது… நேர்ல போயி ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்னு எத்தனையோ தடவ ஆனையூர் வரைக்கும் வந்தேன். இந்தத் தெருமுனையோட திரும்பிட்டேன். இனி யார்கிட்டப் போயிக் கேக்குறது?"

மேடத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் ஆட்டோவைப் பின்னாலேயே ஓட்டி வந்தான். தத்தனேரி வரைக்கும் வந்தான். சுடுகாட்டின் வாசலைத் தாண்டி மட்டும் வரவில்லை.

சென்ற மாதம் ஒரு வேலைக்கான நேர்காணலுக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனேன். விமானத்துக்குப் பாகம் செய்தே பிழைத்தவன் என்றாலும், நான் அதில் ஏறியது விரல்விட்டு எண்ணும் அளவுதான். பக்கத்து இருக்கையில் ஓர் இளம்பெண், மடியில் குழந்தை. துபாயிலிருந்து வரும் கணவனைக் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள் புகுந்து விமானம் பலமாகக் குலுங்கியது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, இம்புட்டு ஆடுதே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

அவளிடம் நான் எதைச் சொல்ல? இந்த இறக்கையை, இந்தக் கதவை, இந்தத் திருகாணியைச் செய்த ஏதோ ஓர் ஊரில், தன் கம்பெனி மூழ்கிவிடும் என்று தெரிந்தே யாரோ ஒருவர் உண்மையை எழுதி அனுப்பியிருப்பார் என்பதையா? அதை நம்பித்தான் நாம் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்பதையா? அப்படி எழுதியவரின் கதி என்ன ஆயிற்று என்று ஏறியவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை என்பதையா?

பேச்சியம்மாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த நம்பிக்கையும், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று தெரிந்த பாரமும்தான். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

"பழகிரும்மா" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மேகம் கலைந்து வெயில் உள்ளே விழுந்தது. குழந்தை அவள் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.